ஓலை உரைத்த ஆண்டுக் கணக்கு

ஆண்டு பிறக்கும்போது உறுதி பூணுதல் மாந்தர்க்கு இயல்பு. மைசூரில் வாழும் நமக்கோ ஆண்டு மூன்று முறை பிறக்கிறது. உலகத்தாரோடு கொண்டாடும் சனவரி முதல் நாள் ஒன்று. அண்டை வீட்டாரோடு வேம்பும் வெல்லமும் பகிர்ந்துண்ணும் உகாதி ஒன்று. நமக்கே உரிய சித்திரை முதல் நாள் ஒன்று. பூண்ட உறுதிகள் பலவும் ஆடி பிறப்பதற்குள் மறக்கப்படுவது உலக வழக்கம். இது மனச்சோர்வினால் மட்டும் விளைவதன்று. குறிக்கோளை அளந்து அமைக்கும் முறை அறியாமையாலும் விளைவது. அம்முறையைக் கூறும் பழைய நூல் ஒன்று இந்நகரிலேயே உலகுக்கு வெளிப்பட்டது. அதன் ஏடு தஞ்சையிலிருந்து வந்தது என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி தருவதாம்.

தஞ்சை ஓலை மைசூர் வந்தது

1891 ஆம் ஆண்டு பத்தாம் சாமராசேந்திர உடையார் ஆட்சியில் மைசூரில் கீழ்த்திசைச் சுவடி நூலகம் நிறுவப்பட்டது. பின்னர் 1916 இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, 1943 இல் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயர் பெற்றது இதுவே. அந்நாளில் மைசூரின் திவானாக விளங்கியவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய சர். சேஷாத்ரி ஐயர். வடமொழியில் ஆழ்ந்த புலமை பெற்றிருந்த ருத்ரபட்டணம் சாமசாஸ்திரியின் திறமறிந்து, அவர் இந்நூலகத்திற் பணியேற்கத் துணை நின்றவரும் அவரே. சாமசாஸ்திரி 1868 இல் காவிரிக் கரையிலுள்ள ருத்ரபட்டணத்தில் பிறந்தவர்.

தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் இந்நூலகத்திற்கு ஓலைச்சுவடி ஒன்றை அளித்தார். அப்பண்டிதரின் பெயரை வரலாறு நமக்குச் சொல்லவில்லை. அவர் தந்த செல்வமோ உலகறிந்தது. சுவடி கிரந்த எழுத்தில் அமைந்திருந்தது. வடமொழியை எழுதுவதற்குத் தமிழ்நாட்டார் வழிவழியாகப் பயன்படுத்தி வந்த எழுத்து அது. 1905 இல் சாமசாஸ்திரி அதன் பெருமையை உலகுக்கு உணர்த்தினார். அச்சுவடியே கௌடலீயரின் அர்த்தசாத்திரம். காஞ்சியில் வாழ்ந்தவராகக் கருதப்படும் தண்டி முதலானோர் தம் நூல்களில் இதனைக் குறித்திருந்தனர். ஆனால் முழுநூலை அக்கால அறிஞருலகம் கண்டதில்லை. ஏடு அழியாதிருந்தமை ஒரு பேறு. அதைப் படிக்க வல்ல கண்கள் நூலகத்தில் இருந்தமை அதனினும் பெரும்பேறு.

படிப்படியாக முடிந்த பணி

அர்த்தசாத்திரம் 15 அதிகரணங்களும் 150 அத்தியாயங்களும் 180 பிரகரணங்களும் கொண்ட பெருநூல். வழக்கொழிந்த கலைச்சொற்கள் பல அதில் உண்டு. துணை செய்ய வந்த பட்டசுவாமியின் உரையோ முழுமையற்றது. இப்பெரும்பணியைச் சாமசாஸ்திரி ஒரே வீச்சில் முடிக்க முற்படவில்லை. 1905 முதல் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பகுதி பகுதியாக இதழ்களில் வெளியிட்டு வந்தார். 1909 இல் மூலம் அச்சேறியது. 1915 இல் மொழிபெயர்ப்பு முழுநூலாயிற்று. 1919 இல் மூலத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. 1924, 1925 ஆம் ஆண்டுகளில் சொல்லடைவு மூன்று பகுதிகளாக வெளிவந்தது. கணக்கிட்டால் 20 ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு படி. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஊன்றுகோல்.

தமிழ்த்தாத்தா உ. வே. சாமிநாதையரின் வாழ்விலும் இதே நெறியைக் காண்கிறோம். 1880 இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணியைப் பற்றி வினவியபோது, பண்டை நூல்கள் அனைத்தையும் பதிப்பிப்பேன் என்று ஐயர் சூளுரைத்தாரல்லர். கையிலிருந்த ஒரு நூலைக் கற்கத் தொடங்கினார். 1887 இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. 1889 இல் பத்துப்பாட்டும், 1892 இல் சிலப்பதிகாரமும், 1894 இல் புறநானூறும், 1898 இல் மணிமேகலையும் தொடர்ந்தன. ஒன்றை முடித்தவனுக்கே மற்றொன்று வசப்படும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நூல் கூறும் கணக்கு முறை

இனி அந்நூலின் உள்ளே புகுவோம். அரசின் வருவாயைத் திரட்டும் தலைமை அதிகாரியின் கடமைகளைக் கூறும் பகுதியில் மூன்று சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. கரணீயம், சித்தம், சேஷம் என்பன அவை. செய்ய வேண்டியது, செய்து முடிந்தது, எஞ்சி நிற்பது என அவற்றைத் தமிழில் கூறலாம். உறுதி பூணுவோர் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே எழுதி வைக்கின்றனர். முடிந்ததையும் எஞ்சியதையும் எழுதாத ஏடு விருப்பப் பட்டியலாகுமேயன்றிக் கணக்காகாது.

கணக்குக் காலத்தையும் நூல் வரையறுக்கிறது. ஆண்டு என்பது 354 பகலிரவுகள். அது ஆஷாட மாதத்துப் பௌர்ணமியில் முடியும். அம்மாதத்தில் கணக்கர்கள் முத்திரையிட்ட ஏடுகளோடு தலைநகர் வந்து சேர வேண்டும். கணக்கைத் தமக்குள் பேசித் திருத்தாதவாறு அவர்கள் ஒருவரோடொருவர் உரையாடவும் தடை உண்டு. ஆனால் ஆண்டு முடிவு வரை காத்திருந்து குறை காண்பது அதன் கருத்தன்று. நாள், ஐந்து நாள், பக்கம், திங்கள், நான்கு திங்கள், ஆண்டு என ஆறு அளவுகளில் கணக்கை ஒப்பிட்டு நோக்கச் சொல்கிறது. தவறு ஐந்தாம் நாளில் தெரிந்தால் திருத்தலாம், ஆண்டு முடிவில் தெரிந்தால் வருந்தலாம், அவ்வளவே.

அரசனது பகலையும் இரவையும் எவ்வெட்டுக் கூறாக்கி, கூறு ஒன்றுக்குக் கடமை ஒன்றென நூல் வகுக்கிறது. கடுமையான ஏற்பாடுதான். ஆயினும் அதன் முடிவில், அரசன் தன் ஆற்றலுக்கு இயைந்தவாறு அக்கூறுகளை மாற்றி அமைத்துக் கொள்ளலாம் என்னும் சலுகையும் உண்டு. பேரரசனுக்கே தன்வலி நோக்கும் உரிமை தரப்பட்டதெனில், அலுவலகமும் இல்லமும் ஒருங்கே தாங்கும் நமக்கு அது வேண்டாமா? வள்ளுவரும் வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்து, செயலின் வலிமையையும் தன் வலிமையையும் சீர்தூக்கிய பின்னரே தொடங்கச் சொன்னார்.

நம் இல்லத்துக் கணக்கு

இம்முறையை நம் வாழ்விற் பொருத்திக் காண்போம். வெளிமாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழும் உறுதி, குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிப்போம் என்பது. நல்ல எண்ணந்தான், ஆனால் அதற்கு அளவும் இல்லை, எல்லையும் இல்லை. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் குழந்தைக்குத் தமிழ் செவிக்கு இனியதாக இருக்கிறது. கண்ணுக்கு அயலாகி விடுகிறது.

அளவிட்டுக் கூறுவோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 எழுத்துகள். நாளுக்கு ஓரெழுத்து எனில் ஒரு திங்களில் முடியும். ஐந்தாம் நாள்தோறும் ஐந்தெழுத்தைத் திரும்பப் பார்க்கலாம். நான்கு திங்களில் உயிர்மெய் வரிசைகளைக் கடக்கலாம். ஆண்டு முடிவில் ஊரிலுள்ள பாட்டிக்குக் குழந்தை தன் கையால் ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும். இதுவே கரணீயம். நாட்குறிப்பில் சித்தத்தையும் சேஷத்தையும் குறித்து வருவோம். சேஷம் மிகுந்தால் மனம் தளர வேண்டா. நம் ஆற்றலுக்கேற்ப அளவைச் சுருக்கிக் கொள்ளலாம்.

தஞ்சையின் ஓலை மைசூரில் பொருள் பெற்றது, அந்த எழுத்தை அறிந்தவர் இங்கே இருந்தமையால். நம் வீட்டுப் பெட்டிகளிலும் பாட்டனார் கடிதங்களும் குடும்பக் கணக்கேடுகளும் உறங்குகின்றன. ஒரே ஒரு தலைமுறை எழுத்தறியாது போனால் அவை வெறுந்தாள்களே. நாளைக்கு ஓரெழுத்து என்னும் சிறு குறிக்கோளின் பின்னே நிற்கும் பெரும்பொருள் இதுவாகும். சித்திரையில் தொடங்குவோம், ஆடியில் கணக்குப் பார்ப்போம்.