நிறைகோலும் நிலத்தின் ஈர்ப்பும்

நிறுத்த பொருள் குறைந்ததெனில் நிறுத்தவனை ஐயுறுவது உலக வழக்கு. அவ்வையம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை என்பதையும் நாம் அறிவோம். ஆயினும், நிறுப்பவன் நேர்மையானவனாகவும் கருவி பழுதற்றதாகவும் இருக்க, எடை மட்டும் இடத்துக்கு இடம் மாறுவதும் உண்டு. இவ்வுண்மை முதலில் வெளிப்பட்டது தராசிலன்று, கடிகாரத்திலேயாம்.

1672-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியற் கழகத்தார் ழான் ரிஷே என்பாரைத் தென்னமெரிக்கக் கரையிலுள்ள கயேனுக்கு அனுப்பினர். செவ்வாய்க் கோளை நோக்குவதற்கே அவர் சென்றார். பாரிஸில் பிழையின்றி ஓடிய ஊசற் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய 2½ நிமிடம் பின்தங்கிற்று. ஊசலை 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கினாலன்றி அது சரிப்படவில்லை. வெப்ப நாட்டில் உலோகம் நீண்டதே காரணமென்றனர் சிலர். ரிஷேயோ பத்து மாதம் வாரந்தோறும் அளந்து பார்த்தவர்! பூமி சுழல்வதாலும், நடுக்கோட்டில் புடைத்திருப்பதாலும் அங்கே பாரம் குறைகிறதென்று 1687-இல் வெளியான தம் நூலில் நியூட்டன் விளக்கினார். 1821-இல் சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் கோல்டிங்காம் என்பாரும் ஊசலை ஆட்டி இதனையே அளந்தார்.

இரு தட்டுத் தராசுக்கு இத்தொல்லை இல்லை. பொருளை இழுக்கும் ஈர்ப்பே எடைக்கல்லையும் இழுக்கிறதன்றோ? வில் தராசும், இக்காலத் தொழிற்சாலைகளில் பாரத்தை மின்குறியாக மாற்றிக் காட்டும் கருவியும் அவ்வாறல்ல. அவை இழுவிசையை மட்டுமே உணர்வன. லண்டனில் சரிசெய்த அத்தகைய கருவியைச் சிங்கப்பூருக்குக் கொணர்ந்து 1000 கிலோவை ஏற்றின், ஏறக்குறைய 3 கிலோவைக் குறைத்துக் காட்டும். நடுக்கோட்டுக்கும் துருவத்துக்குமோ நூற்றுக்கு அரைப்பங்கு வேற்றுமை உண்டு. எடைக்குக் கூலி பெறும் தொழிலாளிக்கு இஃது அற்பமாகுமா?

1901-இல் பன்னாட்டு அளவைப் பேரவை கூடி, ஈர்ப்பின் பொதுமதிப்பை 9.80665 என வரையறுத்தது. கணக்குக்கு அது போதும், கருவிக்குப் போதாது. ஆதலின், கருவி நிலைபெறும் இடத்திலேயே சோதித்த எடைக்கற்களை ஏற்றித் திருத்துகின்றனர். அன்றேல் அவ்விடத்து ஈர்ப்பளவைக் கருவியிற் பதிக்கின்றனர். அதே கருவியை 1000 மீட்டர் மலைமேல் கொண்டுசென்றால், டன்னுக்கு 200 முதல் 300 கிராம் வரை மீண்டும் பிசகும். அங்கும் திருத்தியே ஆகவேண்டும்.