தைராய்டுக் கட்டியும் டெலோமியரேஸ் சோதனையும்

கழுத்தின் முன்புறத்தில் தட்டுப்படும் தைராய்டுக் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதால், புற்றுநோயாக இருக்கும் சிலவற்றை மட்டும் கத்தி வைப்பதற்கு முன்பே பிரித்தறிய வேண்டும் என்ற தேவை மருத்துவர்களுக்கு எப்போதும் இருந்து வந்திருக்கிறது. 1930இல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையைச் சேர்ந்த மார்ட்டினும் எல்லிஸும் கட்டிகளில் ஊசி செலுத்தி உயிரணுக்களை உறிஞ்சிச் சோதிக்கும் முறையை விவரித்தனர். அவர்களுடைய தடித்த ஊசிக்கு மாற்றாக மெல்லிய ஊசியைக் கொண்டு அதே முறையைத் தைராய்டுக்கு வழக்கமாக்கிய பெருமை, 1950களிலும் அதன் பின்னரும் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பணியாற்றிய உயிரணுவியலாளர்களையே பெரிதும் சாரும். ஆயினும் ஃபாலிகுலர் வகைக் கட்டிகளிடம், அதாவது ஹார்மோனைத் தேக்கி வைக்கும் நுண்ணறைகளைப் போலவே வளரும் கட்டிகளிடம், இந்த ஊசி தோற்றுப்போனது. அவற்றில் தீங்கற்றதன் உயிரணுவும் புற்றின் உயிரணுவும் கண்ணாடித் தகட்டில் ஒன்றுபோலவே தெரிகின்றன. கட்டி தன்னைச் சூழ்ந்த உறையைத் துளைத்திருக்கிறதா, இரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதே வேறுபாடு. உறிஞ்சிய துளியில் உறை வராது. எனவே நோயை அறிவதற்காகவே சுரப்பியின் பாதியை வெட்டியெடுப்பதும், எடுத்த பின் அது தீங்கற்றது என்று பல நேரங்களில் தெரியவருவதும் வாடிக்கையாயின.

இந்தச் சிக்கலுக்கான விடை என்று ஒரு காலத்தில் நம்பப்பட்ட பொருள், கழுத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு குளத்து உயிரியிலிருந்து வந்தது. குரோமோசோம்களின் நுனியில் உள்ள, டெலோமியர் எனப்படும் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. தொடர், உயிரணு பிளவுபடும்தோறும் சிறிது தேய்கிறது. அதை மீண்டும் நீட்டித் தரும் டெலோமியரேஸ் என்ற நொதியை எலிசபெத் பிளாக்பர்னின் பெர்க்லி ஆய்வகத்தில் கரோல் கிரைடர் 1984இன் இறுதியில் டெட்ராஹைமினா என்ற ஒற்றை உயிரணு உயிரியில் கண்டார். மனித உடலின் பெரும்பாலான திசுக்களில் அடங்கிக் கிடக்கும் இந்நொதி முடிவின்றிப் பெருகும் உயிரணுக்களில் விழித்திருக்கிறது என்ற ஐயத்தை, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஹீலா என்ற மனிதப் புற்று உயிரணுக்களில் 1989இல் அது கண்டறியப்பட்டது வலுப்படுத்தியது.

ஐயத்தைச் சோதனையாக மாற்றியது 1994இல் வெளியான ட்ராப் முறையாகும். திசுவை அரைத்து எடுத்த சாற்றில் ஒரு சிறு டி.என்.ஏ. இழையைச் சேர்த்தால், நொதி இருக்குமாயின் அந்த இழையின் முனையில் ஆறாறு எழுத்துகளாக ஒட்டிக்கொண்டே போகும். அவ்வாறு நீண்ட இழைகளை பி.சி.ஆர். முறையில் பெருக்கிக் கூழ்மத்தில் ஓடவிட்டால், ஆறெழுத்து இடைவெளியில் படிகள் அடுக்கிய ஏணியொன்று படத்தில் தெரியும். இந்நொதி தன்னுள் ஓர் ஆர்.என்.ஏ. அச்சைக் கொண்டிருப்பதால், ஆர்.என்.ஏ.வை அழிக்கும் பொருள் கலந்த சாறு பக்கத்துத் தடத்தில் ஓட்டப்படும். அங்கே ஏணி மறைந்தால்தான் முதல் தடத்து ஏணி மெய்யானது. அந்த ஆய்வில் 101 கட்டி மாதிரிகளில் 90இல் நொதி காணப்பட்டது, 50 இயல்பான திசுக்களில் ஒன்றில்கூடக் காணப்படவில்லை. இப்படியோர் எண்ணைக் கண்டவர்கள் பொதுவான புற்றுநோய்க் குறியீடு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்ததில் வியப்பில்லை.

மூன்றாண்டுகளில் சோதனை தைராய்டை எட்டியது. ஃபாலிகுலர் கட்டிகளில் தீங்கற்றதையும் புற்றையும் பிரிக்க டெலோமியரேஸ் உதவும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 1997இல் அறிவித்தனர். பின்னர் வந்த முடிவுகளோ ஒன்றோடொன்று முரண்பட்டன: பாப்பில்லரி எனப்படும் வகையைச் சேர்ந்த, ஐயத்துக்கிடமில்லாத தைராய்டுப் புற்றுகள் பலவற்றில் நொதி தென்படவில்லை, தீங்கற்ற கட்டிகள் சிலவற்றில் தென்பட்டது. முதலாவதற்கு, எளிதில் சிதையும் ஆர்.என்.ஏ.வும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும் திசுப் பொருள்களும் ஓரளவு காரணமாகலாம். இரண்டாவதன் காரணம் இன்னும் ஆழமானது. தூண்டப்பட்ட நிணநீர் வெள்ளணுக்களும் டெலோமியரேஸை இயக்குபவை. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912இல் விவரித்த தைராய்டு அழற்சியில் சுரப்பி முழுவதும் அவ்வணுக்களே மொய்த்திருக்கும். அரைத்த சாறு நொதி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அது எந்த அணுவுக்குரியது என்று சொல்லாது. உண்மையில், சோதனையின் நுட்பத்தைக் கூட்டக் கூட்ட இந்தக் குறையும் கூடவே வளர்ந்தது, ஏனெனில் ஒரு சில வெள்ளணுக்களே ஏணியை எழுப்பப் போதுமானவையாயின. நொதியின் வினைபுரி பகுதியான டெர்ட் புரதத்தின் மரபணு 1997இல் கண்டறியப்பட்ட பின், அதன் செய்தி ஆர்.என்.ஏ.வை அளக்க எடுத்த முயற்சிகளும் இதே இடத்தில் இடறின.

திருப்பம் 2013இல் வேறொரு புற்றுநோயின் வழியாக வந்தது. தோலில் தோன்றும் மெலனோமாவில், டெர்ட் மரபணுவை இயக்கும் முன்பகுதியில், புரதக் குறிப்பின் தொடக்கத்துக்கு 124, 146 எழுத்துகள் முன்னால் உள்ள இரண்டு இடங்களில் ஓரெழுத்து மாற்றங்கள் இருப்பது தெரியவந்தது; அதே ஆண்டிலேயே அவை தைராய்டுப் புற்றுகளிலும் காணப்பட்டன. இம்மாற்றம் கட்டியின் உயிரணுவில் நேர்வது, வந்து மொய்த்த வெள்ளணுவில் இராதது, அதோடு டி.என்.ஏ. என்பதால் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்த பழைய திசுவிலிருந்தும் அதைப் படிக்க முடியும். இருபதாண்டுக் குழப்பத்தை எழுத்து மாற்றம் ஒன்று தீர்த்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். உண்மையில் கேள்வியே மாறிவிட்டது. இயல்பான உயிரணுவின் சாயலை இழக்காத பாப்பில்லரி புற்றுகளில் சிறுபான்மையிலேயே காணப்படும் இம்மாற்றம், மூர்க்கமான அனாபிளாஸ்டிக் வகையில் மிகுந்து காணப்படுகிறது. பிராஃப் என்ற மற்றொரு மரபணுவின் மாற்றமும் உடன் சேர்ந்தால் நோய் திரும்புவதும் உயிரிழப்பும் கூடுகின்றன. கட்டி புற்றா அல்லவா என்று கேட்கப் புறப்பட்ட குறியீடு, அந்தப் புற்று எவ்வளவு கொடியது என்பதற்கே இன்று தெளிவாகப் பதில் சொல்கிறது. ஊசியில் எடுத்த மாதிரியில் மாற்றம் இருந்தால் புற்று என்ற ஐயம் மிக வலுவாகும், இல்லாவிட்டால் எதுவும் விலக்கப்படுவதில்லை. ஆகவே ஃபாலிகுலர் கட்டியின் உறையைப் பார்ப்பதற்காகச் சுரப்பியின் பாதியை எடுக்கும் அறுவை இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.