கான் அடைச்சிட்டுது, அம்மம்மா

ஒருகொடவத்தையில் வளர்ந்த எங்களுக்குக் 'கான்' என்றால் என்னவென்று ஆரும் விளக்கத் தேவையில்லை. மழைக்கு அது அடைச்சால் தண்ணி பின்னுக்கு ஏறி வீட்டுக்குள்ள வரும்.

போன வருசம் எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சிறுநீரகக் கல். டொக்டர் பொறுமையான ஆள். கொம்பியூட்டரில் ஒரு முப்பரிமாண மொடலைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். சிறுநீரகம், அதிலிருந்து இறங்கும் குழாய், கல் சிக்கும் இடம், எல்லாம் தெளிவு. ஆனால் பெயர்கள் முழுக்க இங்கிலிஷ். அம்மம்மா எங்கட முகத்தைப் பார்த்தார். 'யூரிட்டர்' என்றதைத் தமிழில் எப்படிச் சொல்றது? பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகம் ஞாபகம் வந்தது: சிறுநீர்க்கான். "கான் அடைச்சிட்டுது, அம்மம்மா" என்றோம். "அதான் பின்னுக்குத் தேங்கி நோகுதோ?" என்று கேட்டார். சரியாகவே விளங்கியிருந்தது.

உடம்பைத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது புது ஆசை இல்லை. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்தார். முதலில் இங்கிலிஷில்தான். படித்தவர்களில் பலர் நல்ல சம்பளம் தேடி வெளியே போக, கிராமங்களுக்கு ஆள் இல்லை. 1860களில் அவர் தமிழுக்கு மாறினார். உள்ளூர்த் தமிழர்களோடு சேர்ந்து கலைச்சொற்கள் தொகுத்தார். அந்த முயற்சியில், கிறேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கி அப்போது இரண்டே வருசம்.

இன்றைக்குப் பாடம் கடதாசியில் மட்டும் இல்லை. ஒரு எலும்பைச் சுற்றிவர நூற்றுக்கணக்கில் படம் எடுத்தால், படங்களுக்குள் பொருந்தும் புள்ளிகளைப் பிடித்துக் கொம்பியூட்டர் அதன் மேற்பரப்பைக் கட்டும். உள்ளே பார்க்க வேண்டும் என்றால் சிடி ஸ்கேன் அடுக்குகள் தேவை. 1994இலேயே அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் ஒரு ஆணின் உடலை 1 மில்லிமீற்றர் இடைவெளியில் 1,871 வெட்டுகளாகப் படம்பிடித்து வெளியிட்டது.

இந்த மொடல்களில் பெயர்கள் உருவத்தோடு ஒட்டிப் பிறப்பதில்லை. பெரும்பாலும் தனிப் பட்டியலாகத்தான் இருக்கும். கிறீன் ஒரு முழுப் புத்தகத்தையே அச்சடிக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு பட்டியலை மாற்றினால் போதும்.

"மருத்துவபீடத்தில் எப்படியும் இங்கிலிஷ்தானே, ஏன் வீண் வேலை?" என்று கேட்பீர்கள். படிப்பது இங்கிலிஷில் என்றாலும், நாளைக்கு அந்த டொக்டர் கதைக்கப்போவது அம்மம்மாவோடு. ஏஎல் உயிரியலைத் தமிழில் படிக்கிற பிள்ளைக்கும் அதே மொடல் உதவும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 'அங்காதிபாதம்' என்ற சொல் இன்றைக்கு எங்கள் ஆருக்கும் விளங்காது. தமிழ்நாட்டில் 'கான்' என்றால் காடு. அங்கே சிறுநீர்க்குழாய் என்பார்கள். அதனால் இரண்டு சொல்லையும் போட வேண்டும். போட்ட பிறகு அகராதியோடு மட்டும் ஒப்பிட்டால் காணாது. ஒரு அம்மம்மாவிடமும் வாசித்துக் காட்ட வேண்டும்.