பிரேஸ்கேர்டில் விசாரணை: கேளாது விட்ட கேள்வி

விசாரணைக் குழுக்களை அவை கண்டறிந்தவற்றால் மட்டுமன்றி, கேளாது விட்டவற்றாலும் நாம் மதிப்பிடுதல் வேண்டும்.

1937 ஏப்ரலில், ஹட்டனுக்குச் செல்லும் புகையிரதப் பாதையிலுள்ள நாவலப்பிட்டியில், சமசமாஜக் கட்சிக் கூட்டமொன்றிலே மார்க் அந்தோனி பிரேஸ்கேர்டில் பேசினார். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் துரைமார் தொழில் பயின்ற அவர், தாம் உள்ளிருந்து கண்ட அடக்குமுறையைத் தொழிலாளர் முன் அம்பலப்படுத்தினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். மே மாதத்தில் அரசாங்க சபை 34க்கு 7 வாக்குகளால் தேசாதிபதியைக் கண்டித்தது. பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம், நெருக்கடி காலத்துக்குரிய அதிகாரத்தை அமைதிக் காலத்தில் பிரயோகித்தல் செல்லாதெனத் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது.

பின்னர் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு 1938இல் அறிக்கை சமர்ப்பித்தது. ஆணை பிறந்தது எவ்வாறு, உள்நாட்டு அமைச்சர் ஜயதிலக்கவிடம் கலந்தாலோசிக்கப்பட்டதா என்பனவே அங்கு முதன்மை பெற்றன. இவை அற்பமான கேள்விகளல்ல. 1931 அரசியலமைப்பு வழங்கிய சுயாட்சியின் எல்லையை அவை புலப்படுத்தின. ஆயின் யார் யாரிடம் சொன்னார் என ஆராயப்பட்ட அளவுக்கு, பிரேஸ்கேர்டில் சொன்னது மெய்யா என்பது ஆராயப்படவில்லை. லயன் அறையும் கூலியும் விசாரணைக்குப் புறத்தே நின்றன. ஆளும் வர்க்கத்தின் உட்பூசலாகப் பிரச்சினை சுருங்கியது.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். கேளாது விட்ட கேள்வி இரத்தம் தோய்ந்து மீண்டும் எழுந்தது.