கிராண்ட் ரோட்டில் புறப்பட்ட மெட்டு

அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்திக் காடுகளில் பாடுபட்ட கறுப்பின மக்களின் துயரப் பாட்டுக்கு 'ப்ளூஸ்' என்று பெயர். அதனைப் பாடுவதில் வல்லவரான மடி வாட்டர்ஸ் 1958ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று பாடினார். 1962இல் லண்டன் இளைஞர் சிலர், அவர் 1950இல் வெளியிட்ட பாட்டொன்றின் பெயரையே தம் குழுவுக்குச் சூட்டி, 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என உலகப் புகழ் எய்தினர். இவ்வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகள் நமக்கே எடுத்துரைக்கின்றனர். மகிழ்ச்சியே. ஆயின் இதையொத்த நிகழ்ச்சி ஒன்று பம்பாய்க்கும் தமிழகத்துக்கும் இடையே அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே நடந்தேறியது என்பதை அவர்களுக்குச் சொல்ல நாம் தவறிவிட்டோம்.

கோவண்டியில் வண்டியேறிக் குர்லாவிலும் தாதரிலும் மாறினால் கிராண்ட் ரோடு. அங்கே 1846இல் ஒரு நாடகக் கொட்டகை எழுந்தது. அதற்கு நிலம் உதவியவர் ஜகந்நாத் சங்கர்சேட். இரயில்வேயில் பணிபுரியும் நம்மனோர்க்கு அப்பெயர் புதிதன்று, ஜி.ஐ.பி. இரயில்வேயின் தொடக்ககால இயக்குநருள் அவரும் ஒருவர். 1853 ஏப்ரலில் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் வண்டி ஓடிற்று; அவ்வாண்டு அக்டோபரிலேயே அக்கொட்டகையில் பார்ஸிகளின் நாடகம் அரங்கேறிற்று. தண்டவாளமும் பார்ஸி நாடகமும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள் எனில் மிகையன்று. 1871இல் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. வண்ணத் திரைகளையும் வாத்தியங்களையும் ஏற்றிக்கொண்டு பார்ஸிக் கம்பெனிகள் தென்னாடு வர வழி பிறந்தது.

அதுகாறும் நம் சிற்றூர்களில் விளங்கியது தெருக்கூத்து. திறந்தவெளி, தீவட்டி வெளிச்சம், மத்தளமும் முகவீணையும், விடியும் வரை ஆட்டம். பார்ஸிக் கம்பெனியோ மேடை கட்டிற்று, திரை தூக்கிற்று, ஆர்மோனியம் ஒலித்தது. பாட்டு உருதுவிலும் இந்துஸ்தானியிலும் இருந்தது. சொல் விளங்காவிடினும் மெட்டு செவியில் நின்றுவிட்டது. (மராட்டிய நாடகக் குழுக்களுக்கும் இதில் பங்குண்டு, விரிப்பின் பெருகும்.)

பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்ற சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வெண்பாவும் விருத்தமும் தடையின்றி இயற்றுபவர். அத்தகைய புலவரே பார்ஸி மெட்டை வேண்டாமென ஒதுக்கவில்லை. மெட்டின் ஏற்ற இறக்கத்தைத் தத்தகாரமாகக் கொண்டு, அச்சந்தத்தில் தமிழ்ச் சொற்களைப் பொருத்துவது அக்கால வாத்தியார்களின் தொழில்முறை. பிறர் தைத்த சட்டையில் நம் பிள்ளையின் உடலைப் பொருத்துவது போன்ற வேலை. சிறிது பிசகினாலும் சொல் நொண்டும். இங்ஙனம் பிறந்த பாட்டுகளை எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் பாடியபோது, இவை வடக்கிலிருந்து வந்தவை என எவர் எண்ணினர்?

நம் சங்கத்திலும் சிலர், நாடகப் பாட்டு கலப்பிசை, அது தமிழிசை ஆகாது என்பர். நமக்கு அது உடன்பாடன்று. வாங்கியது குற்றமில்லை, யாரிடம் வாங்கினோம் என மறந்ததே குற்றம். பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பில் 'பார்ஸி மெட்டு' என அச்சிட்டிருக்கும். அந்த மட்டில் நேர்மைதான். ஆனால் மெட்டமைத்தவர் பெயர் இராது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரோ, 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்குத் தம்மை அழைத்தபோது, ஹௌலின் உல்ஃப் என்னும் முதிய ப்ளூஸ் பாடகரும் பாடவேண்டும் என வற்புறுத்தி, அவர் பாடுகையில் அவர்தம் காலடியில் அமர்ந்தனர். கம்பெனிகளில் மாதச் சம்பளத்துக்கு மெட்டமைத்தோர்க்கு நம் மேடையில் அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை.

மெட்டு மட்டும் பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தது. கிராண்ட் ரோடு நிலையத்தை அடுத்த கென்னடி பாலத்தருகே அர்தேஷிர் இரானி என்னும் பார்ஸியரின் இம்பீரியல் கம்பெனி இருந்தது. இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வை அங்கே இரவில்தான் எடுத்தனர். பகலில் நம் வண்டிகளின் இரைச்சல்! அப்படம் வந்த 1931ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 31ஆம் நாள், அதே கம்பெனியின் 'காளிதாஸ்' சென்னையில் வெளியாயிற்று. தமிழ் பேசிய முதல் படம் அதுவே. நாயகி டி. பி. ராஜலட்சுமி நம் நாடக மேடையில் பாடி வளர்ந்தவர்.

அப்படத்தின் சுருள் இன்று எஞ்சவில்லை. நம் அன்பர்கள் இல்லங்களில் தாத்தா காலத்து நாடகப் பாட்டுப் புத்தகம் ஏதேனும் டிரங்குப் பெட்டியில் கிடப்பின், ரத்திவாலாவிடம் எடைக்குப் போடுமுன் சங்க நூலகத்துக்கு அளிக்க வேண்டுகிறோம். அட்டை கிழிந்திருப்பினும் தாழ்வில்லை.