ஸ்ட்ராத்னேவரின் பாழ்நத்தங்கள்

ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றிவரும் சாலைக்கு 2015இல் ‘நார்த் கோஸ்ட் 500’ என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு கோடைதோறும் கார்களும் வேன்களும் வரிசைகட்டி வருகின்றன. மனிதக் கை படாத நிலம் என்று சொல்லித்தான் இந்தப் பகுதிக்கு ஆள் அழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் நில அளவை வேலையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. இங்குள்ள சதர்லாந்து சீமையின் பள்ளத்தாக்குகள் பிறக்கும்போதே வெறுமையாகப் பிறந்தவை அல்ல. நோட்டீஸ் கொடுத்து, குடியெழுப்பி, கூரையைக் கொளுத்தி அவற்றை வெறுமையாக்கினார்கள். அது நடந்து இருநூறு ஆண்டுகள்தான் ஆகின்றன.

இன்வர்னஸிலிருந்து வடக்கே போகும் ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கின்பிரேஸ் என்ற சின்ன நிலையத்தில் இறங்கினேன். ரயில் ஏறிவரும் கில்டோனன் பள்ளத்தாக்கிலேயே கதை தொடங்கிவிடுகிறது. 1813இல் அங்கிருந்து எழுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் செல்கிர்க் பிரபுவின் ஏற்பாட்டில் கப்பலேறி, ஹட்சன் விரிகுடா வழியாகக் கனடாவின் ரெட் ரிவர் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வின்னிபெக் நகரத்தில் கில்டோனன் என்ற பெயர் இன்னும் வழங்குகிறது.

கின்பிரேஸிலிருந்து சைர் வரை ஒற்றைத் தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க ஆங்காங்கே சிறிய விரிவு விட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் பீட் சதுப்பு. ஃப்ளோ கன்ட்ரி என்ற இந்தச் சதுப்பு நிலப்பரப்பை 2024இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மேற்கிலிருந்து காற்று முகத்தில் அறைய, சைக்கிள் நடை வேகத்தில்தான் நகர்ந்தது. அந்த வேகம் நல்லதாகவே போயிற்று. பழுப்பு நிறச் சரிவுகளுக்கு நடுவே திடீர் திடீரென்று பளிச்சிடும் பச்சைத் திட்டுகளைக் காரில் போகிறவர் கவனித்திருக்க மாட்டார். எங்கள் கிராமக் கணக்கில் பாழ்நத்தம் என்று ஒரு வகை உண்டு. குடி போய்விட்ட பழைய ஊரிடம். வயலுக்கு நடுவே அந்த மண் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். சாம்பலும் சாணமும் தலைமுறை தலைமுறையாக விழுந்த மண் அது. இங்கேயும் அதே கணக்குதான்.

சைருக்குச் சற்று முன்னால், ஸ்ட்ராத்னேவர் என்ற நேவர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ரோசல் என்ற பாழூர் இருக்கிறது. காட்டுப் பாதையின் வாயிலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நடந்தேன். சுற்றிலும் வனத்துறை ஊசியிலை மரம் நட்டிருக்கிறது. ஊரின் பழைய எல்லைச் சுவருக்கு உட்பட்ட இடத்தை மட்டும் நடாமல் விட்டிருக்கிறார்கள். 1962இல் ஹொரேஸ் ஃபேர்ஹர்ஸ்ட் என்ற தொல்லியலாளர் இங்கே அகழாய்வு செய்தார். முழங்கால் உயரத்துக்கு நிற்கும் கல்வரிசைகளைப் பின்பற்றிப் போனால் நீண்ட வீடுகளின் அமைப்பு புலப்படுகிறது. ஒரு முனையில் மனிதர்கள், மறுமுனையில் மாடுகள், மேலே ஒரே கூரை. தானியத்தை உலர்த்தும் சூளைக் குழிகள், உழுவதற்காகப் பொறுக்கிக் குவித்த கற்குவியல்கள், உழவு மேடும் பள்ளமும் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. ஓட்ஸும் பார்லியும் விளைந்த மண். வாரம் கட்டப் பணம் கொடுத்தது கறுப்பு மாடு. கோடையில் மந்தையை மேட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் அங்கேயே குடிசை போட்டுத் தங்குவார்கள்.

இவர்களில் பெரும்பாலோரிடம் எழுத்தாக ஒன்றும் இருக்கவில்லை. குலத்தலைவருக்குப் படைக்கு ஆள் கொடுத்தோம், நிலம் நம்முடையது என்ற நம்பிக்கைதான் அவர்களுக்குப் பட்டா. 1800இல் 93ஆம் சதர்லாந்து படைப்பிரிவுக்கு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே இளைஞர்கள் திரண்டு போனார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் உடையவர் விரும்பும்வரை இருக்கும் குத்தகைதாரர்கள், அவ்வளவுதான். உடையவர் சதர்லாந்து கோமகள் எலிசபெத். கணவர் ஸ்டாஃபோர்ட் பிரபு, இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். செவியட் இன ஆடு வடக்குக் குளிரைத் தாங்கும் என்று தெரிந்ததும், கம்பளிக்கு ஆலைகள் கொடுத்த விலையைப் பார்த்து, பள்ளத்தாக்குகளைப் பெரிய ஆட்டுப் பண்ணைகளாக்கவும் மக்களைக் கடற்கரைக்கு நகர்த்தவும் முடிவெடுத்தார்கள். மேலாளர் ஜேம்ஸ் லாக் இதை முன்னேற்றம் என்று புத்தகமே எழுதினார். சாலையும் பாலமும் போட்டது உண்மை. அவற்றை மக்களை எழுப்பாமலும் போட்டிருக்கலாம் என்பதும் உண்மை.

பண்ணை அலுவலர் பேட்ரிக் செல்லர் விஷயத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. குடியெழுப்பும் அதிகாரம் பெற்ற அலுவலரே, எழுப்பிய நிலத்தை ஆட்டுப் பண்ணைக்குக் குத்தகை எடுத்தவர். 1814 மார்ச்சில் மேய்ச்சலுக்காக ஹெதர் புதர்களைக் கொளுத்தினார்கள்; குடிகளின் மாடுகளுக்கு மேய்ச்சல் போயிற்று. ஜூனில் வீடுகள். மரமே அரிதான இந்தச் சீமையில் கூரைக் கட்டைகள் குடியானவரின் சொத்து. ஊர் மாறினால் தோளில் சுமந்து கொண்டுபோய் அடுத்த வீட்டுக்குப் பொருத்துவார்கள். கூரையைக் கொளுத்துவது என்பது போகும் இடத்தில் கட்டவேண்டிய வீட்டையும் சேர்த்துக் கொளுத்துவது. பாடின்லாஸ்கின் என்ற இடத்தில் நூறு வயதை எட்டிய, படுக்கையில் கிடந்த மார்கரெட் மெக்கே என்ற மூதாட்டியை எரியும் வீட்டிலிருந்து தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். சில நாளில் இறந்துபோனார். செல்லரைக் கைது செய்தவர் ஷெரிஃப் பதவியில் இருந்த ராபர்ட் மெக்கிட். 1816இல் இன்வர்னஸில் விசாரணை நடந்தது. நடுவர் குழுவில் நில உடைமையாளர்களே மிகுதி. செல்லர் விடுதலையானார். மெக்கிட் பதவியை இழந்து, பின்னால் செல்லரிடம் மன்னிப்புக் கடிதமும் எழுதிக் கொடுக்க நேர்ந்தது.

1819இல் மறுபடியும் தீ. ரோசலில் பிறந்த கல்தச்சர் டொனால்ட் மெக்லியட் அந்த இரவு ஒரு மேட்டில் ஏறி நின்று 250 வீடுகள் எரிவதை எண்ணியதாகப் பிறகு எழுதினார். அந்த எண்ணிக்கையை ஆய்வாளர்கள் கேள்வி கேட்கலாம். அவர் எழுதாமல் போயிருந்தால் கேள்வி கேட்கவே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி ஆங்கஸ் மெக்கே. குடியானவர்களின் குறைகளைக் கேட்க அரசு அமைத்த நேப்பியர் ஆணையம் 1883இல் பெட்டிஹில்லுக்கு வந்தபோது அவர் எண்பதை ஒட்டிய கிழவர். 1814இல் பதினோரு வயதுப் பையன். பெற்றோர் மாடுகளை ஓட்டிக்கொண்டு முன்னே போய்விட்டார்கள், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். செல்லர் கொளுத்திக்கொண்டு வருகிறான், எழுந்திருக்கவில்லையா என்று ஒரு பெண் கத்தியதைக் கேட்டு, மூன்று வயதுத் தம்பியை முதுகில் தூக்கிக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடினான். அக்கரையில் தெரிந்தவர் வீடு. நடு ஆற்றில் தண்ணீர் தம்பியின் முதுகைத் தொட்டதும் குழந்தை அலறி அண்ணனின் கழுத்தை இறுக்கிக்கொண்டது. ஆங்கஸ் விழுந்தான், எழ முடியவில்லை. குடும்பத்தோடு வந்துகொண்டிருந்த ஓர் ஏழைப் பெண் ஆற்றில் குதித்து இருவரையும் இழுத்துப் போட்டாள். எழுபது ஆண்டுகளாக அந்தப் பிடி அவர் கழுத்தில் இருந்திருக்கிறது. நேவர் ஆற்றங்கரையில் நான் நடந்தபோது தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடியது. பீட் மண்ணின் சாயம். அகலமான ஆறு அல்ல. பதினோரு வயதுக்கு அது போதும்.

ஆற்றோடு வடக்கே மிதித்தால் கழிமுகத்தில் பெட்டிஹில். எழுப்பிய மக்களை இறக்கிவைத்த ஊருக்கு எழுப்பியவரின் பெயர்: எலிசபெத்தின் செல்லப் பெயர்தான் பெட்டி. பழைய ஃபார் தேவாலயம் இப்போது ஸ்ட்ராத்னேவர் அருங்காட்சியகம். உள்ளே மரப் பிரசங்க மேடை நிற்கிறது. 1819இல் போதகர் டேவிட் மெக்கென்சி குடியெழுப்பும் அறிவிப்பை வாசித்தது அதன் மேல் ஏறி நின்றுதான். ஞாயிறுதோறும் அண்ணாந்து பார்த்த அதே மேடை. வெளியே கல்லறைகளுக்கு நடுவே, இந்தத் துயரத்துக்கெல்லாம் ஆயிரம் ஆண்டு மூத்த சிலுவைக் கல் ஒன்று நிற்கிறது.

இங்கிருந்து கிழக்கே கிர்டோமி, ஆர்மடேல், ஸ்ட்ராதி என்று கடலோரம் வீடுகள் நெருங்கி நிற்பதன் காரணம் புரிகிறது. கிராஃப்ட் என்ற துண்டு நிலம். அளவே ஒரு குடும்பத்துக்குப் போதாமல் வைத்தது. மீதிப் பசிக்கு மீன் பிடிக்கவேண்டும் என்பது திட்டம். மாடு மேய்த்தவர்களுக்குப் படகும் இல்லை, துறைமுகமும் இல்லை; எதிரே வட அட்லாண்டிக். ஸ்ட்ராதி முனைப் பக்கம் நடந்து அந்தக் கடலைப் பார்த்தேன். எங்கள் குமரி மீனவர்களே யோசித்துத்தான் இறங்குவார்கள்.

மேற்கே டங்கைத் தாண்டி, எரிபோல் கடற்கழியைச் சுற்றி டர்னஸ் வரை நெடிய மிதி. 1945 மே மாதம் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சரணடைந்து நின்ற ஆழ்நீர் அது. அதன் மேற்குக் கரையிலுள்ள லெய்ட் என்ற ஊரில் பாறைக்கு நடுவே மண்ணைச் சுரண்டி எடுத்த பாத்திகளைப் பார்த்தால், நல்ல நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் எதை வைத்துக்கொண்டு பிழைத்தார்கள் என்று தெரியும்.

டர்னஸுக்குச் சற்று முன்பு, வெள்ளை மணல் கடற்கரைக்கு மேலே சியன்னபென். வருகிறவர்கள் எல்லாரும் மணலுக்கு இறங்குகிறார்கள். எதிர்ச் சரிவில் ஏறினால் ஊர் இருந்த இடம். மீன் தொழிலை விட்டு ஆட்டுப் பண்ணைக்கு மாறிய ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பெருங்குத்தகையாளர் 1841இல் இவர்களை வெளியேறச் சொன்னார். நோட்டீஸ் கொண்டுவந்தவரை ஊர்ப் பெண்கள் சூழ்ந்துகொண்டு காகிதத்தைப் பிடுங்கித் தீயில் போட்டார்கள். அடுத்து வந்த காவலர் கூட்டத்தையும் ஊர்மக்கள் இரவோடிரவாக விரட்டியடித்தார்கள். ராணுவம் வரும் என்ற மிரட்டலுக்குப் பிறகு பேச்சு நடந்து, 1842இல் ஊர் காலியானது. தோற்ற போராட்டம்தான். ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்து நேப்பியர் ஆணையத்தை வரவழைத்த கோபம் இப்படிப்பட்ட ஊர்களில்தான் சேர்ந்தது என்பது என் கருத்து.

1886ஆம் ஆண்டின் கிராஃப்டர் சட்டம் நிலைத்த குடிவார உரிமையையும் நியாயமான வாரத்தையும் கொடுத்தது. இனி யாரையும் நினைத்தபடி எழுப்ப முடியாது. பறித்த பள்ளத்தாக்கைத் திருப்பிக் கொடு என்று அது சொல்லவில்லை. 1901இல் அரசு வாரியம் ஒன்று சைர் பக்கம் நிலம் வாங்கிச் சில குடும்பங்களைக் குடியேற்றியது. ஸ்ட்ராத்னேவர் முழுக்க நிரம்பவே இல்லை.

திரும்பும்போது எரிபோலுக்கும் டங்குக்கும் நடுவே மோயின் சதுப்பைக் கடந்தேன். அங்கே தனியாக நிற்கும் இடிந்த வீடு 1830இல் சாலை போட்டபோது வழிப்போக்கர் ஒதுங்கக் கட்டியது. சாலை போட்டுக் கொடுத்த ஸ்டாஃபோர்ட் பிரபுவின் புகழைச் சுவரிலேயே பதித்திருந்தார்கள். இந்தச் சதுப்பில் ஒரு பகுதி இன்று மெல்னெஸ் கிராஃப்டர்களின் சொந்த நிலம். 1995இல் அன்றைய உடையவர் அதை அவர்களுக்கே எழுதிக் கொடுத்தார். ராக்கெட் ஏவுதளத்துக்காக அதில் ஒரு பகுதியைக் கேட்டு ஆட்கள் வந்தபோது ஊரே இரண்டுபட்டு வாதாடி, வாக்கெடுத்துச் சம்மதித்தது. நில நீதிமன்றமும் விசாரித்தது. 2023இல் வேலை தொடங்கி, 2024 டிசம்பரில் ராக்கெட் நிறுவனம் அதை நிறுத்திவிட்டு ஷெட்லாந்துக்கு மாறிவிட்டது. ஏவுதளம் வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே குடியிருப்பவர்களிடம் அதைக் கேட்டார்கள் என்பதில் தயக்கமே இல்லை.