கொடிக்கண்ணும் புகைக்குழாயும்

எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பங்கு பானையைச் சேராமல் புகையோடு போய்விடுகிறது என்பதைத் தமிழ்நாட்டு அடுப்பங்கரைகள் பொறியியல் நூல்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. கொடியடுப்பின் வடிவிலேயே அந்த அறிவு இருக்கிறது. விறகு செருகும் வாயுள்ள பெரிய அடுப்பின் பக்கத்தில் சிறிய கண் ஒன்றை வைத்து, இரண்டுக்கும் இடையே மண்ணுக்குள் துளை விட்டு, சோற்றுப் பானையின் அடியில் மோதித் திரும்பும் சுடுபுகையை அதன் வழியே குழம்புச் சட்டிக்கோ வெந்நீர்ப் பானைக்கோ அனுப்புவது இதன் ஏற்பாடு. பானையை விளிம்பிலிருந்து சற்றே தூக்கி நிறுத்தும் மூன்று மண்முடிச்சுகளுக்குக் குமிழ் என்று பெயர். பெரிய அடுப்பின் குமிழ் உயரமானால் சூடு அங்கேயே தப்பிவிடும். கொடிக்கண்ணின் குமிழ் தாழ்ந்தால் வழியடைபட்ட புகை விறகு வாய்க்கே திரும்பும். பிற்காலத்தார் கணக்குப் போட்டுத் தீர்க்க முயன்ற இந்தச் சிக்கல், அடுப்புப் போடும் பெண்களின் விரல் அளவில் அடங்கியிருந்தது.

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில், காவிரிச் சமவெளியின் தெற்கு விளிம்பில் உள்ள கந்தர்வக்கோட்டை வட்டாரம் செம்மண் மேட்டு நிலமாகும். முந்திரித் தோப்புகளும் தைலமரக் காடுகளும் பரவிய இப்பகுதியில் முந்திரிக் கிளையும் தைலமரச் சுள்ளியும் சீமைக்கருவேலங்கட்டையும் அடுப்புக்கு வந்தன. இவற்றோடு முந்திரிக் கொட்டையின் தோடும் எரிபொருளாக நின்று எரியும். ஆனால் தோலைப் பொசுக்கும் எண்ணெய் அதில் இருப்பதால் அதன் புகை காரமானது, குளிர்ந்த பரப்பில் பிசுபிசுத்து ஒட்டக்கூடியது.

புகைவழியின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றுவதில் கொடியடுப்பையும் மிஞ்சியது, வசதியுள்ள வீடுகளின் குளியலறையில் இருந்த செம்பு பாய்லர். உருளை வடிவப் பாத்திரத்தின் நடுவே புகைக்குழாய் ஒன்று மேலெழும்ப, அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். அடியில் கரியோ சுள்ளியோ எரியும். புனலில் ஊற்றும் பச்சைத் தண்ணீர் அடிக்குச் செல்ல, மேலே நிற்கும் வெந்நீர் மூக்கு வழியாக வெளியே வழியும். மூக்கும் புனலும் எப்போதும் திறந்திருப்பதால் நீராவி அடைபட்டு வெடிக்க இடமில்லை. தண்ணீரின்றித் தீ மூட்டினால் மட்டும் பற்றவைத்த இடங்கள் உருகிவிடும். தேநீர்க் கடைகளின் பாய்லரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

புகையைச் சமையலறைக்கு வெளியே கொண்டுபோகும் முயற்சி வந்தபோதுதான் சிக்கல் முற்றியது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, பல கண்களும் புகைபோக்கியும் உள்ள அடுப்பை வடிவமைத்தார். அதை விளக்கும் அவருடைய ஆங்கில நூல் 1953-இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. புகைவழியில் அவர் வைத்த தடுப்புத் தகடுதான் இதன் நுட்பம். புகைபோக்கி காற்றை இழுப்பது அதனுள் உள்ள புகை வெளிக்காற்றைவிடச் சூடாகவும் இலேசாகவும் இருப்பதால்தான். தகட்டை முழுதும் திறந்தால் சூடு பானைகளைக் கடந்து கூரைக்குப் போகும், அளவுக்கு மீறி மூடினால் இழுப்பு நின்று புகையும் அதோடு நிறமும் மணமும் அற்ற நச்சான கார்பன் மோனாக்சைடும் வீட்டுக்குள் தங்கும். பெஞ்சமின் பிராங்க்ளின் 1740-களில் அமைத்த அடுப்பும் இங்கேதான் இடறியது. புகையை ஒரு தடுப்புக்குப் பின்னால் கீழே இறக்கி அதன் சூட்டை முழுதும் கறக்கப் பார்த்த அந்த அடுப்பில் இழுப்பு போதாமல் அறை புகைந்ததால், பின்வந்தவர்கள் அதை மாற்றியமைக்க நேர்ந்தது. மேதைக்கும் தப்பாத இந்தப் பிழை, கிராமத்துக் கொத்தனாருக்கு நேர்ந்தால் வியப்பில்லை.

1983-இல் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நாடெங்கும் வழங்கப்பட்டன. எண்ணிக்கையைப் பார்த்த அளவுக்குப் பராமரிப்பை அத்திட்டம் பார்க்கவில்லை என்றே சொல்லவேண்டும். ஈர விறகை எரித்தாலும், புகையிலிருந்து சூட்டை மிகையாக எடுத்தாலும், குழாயின் உள்சுவரில் தார் படிகிறது; படிந்த தாரும் கரியும் ஒருநாள் தீப்பற்றினால் குழாய் கொள்ளிக்கட்டையாகிவிடும், அது ஓலைக் கூரையை ஊடுருவிச் சென்றால் வீடே போய்விடும். காய்ந்த விறகு, அடிக்கடி கரி தட்டுதல், கூரையைத் தொடாதபடி குழாயைச் சுற்றி மண் அல்லது செங்கல் அணை, சூட்டை எடுத்த பிறகும் புகை மேலேறும் அளவுக்கு அதில் வெம்மையை மிச்சம் வைத்தல் ஆகியவை இன்றி இந்த அடுப்பு நீடிக்காது. குழாய் அடைபட்ட வீடுகளில் பழைய அடுப்பே திரும்பிவந்தது.

2006-இல் அமைந்த தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016-இல் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் அன்றாடச் சமையலை விறகிலிருந்து பிரித்தன. ஆயினும் நெல் அவிக்கவும் குளிக்க வெந்நீர் போடவும் கொல்லைப்புறத்தில் மண்ணடுப்பு எரிவது நின்றுவிடவில்லை. திறந்தவெளியில் புகை தானே கலைந்துபோவதால், அந்த அடுப்புக்கு மேலே குழாய் கிடையாது.